காலையில் மூடாத பலூன் துப்பாக்கி

1. திரும்பி வந்த வேலை

செய்து கொடுத்த வேலை திரும்பி வருவதைப் போல ஒரு மெக்கானிக்குக் கேவலம் வேறில்லை. அதுவும் மறுநாள் காலையிலேயே, பட்டறை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றால் அன்றைய பொழுது விளங்கினாற்போலத்தான். 2006 மாசி மாதத்தில் எனக்கு ஒரு நாள் அப்படி விடிந்தது. தனலட்சுமி துப்பாக்கியோடு நின்றாள்.

பயப்பட வேண்டாம். திருவிழாக்களில் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி வைத்து, வருகிறவர்களைச் சுடச் சொல்வார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கிதான். நடுவில் மடக்கி, குழலின் வாயில் ஒரு சின்ன ஈய ரவையை வைத்து, திரும்ப நிமிர்த்தி மூடிச் சுட வேண்டும். தனலட்சுமியும் அவள் வீட்டுக்காரர் ஏழுமலையும் மரக்காணம் சுற்று வட்டாரத்தில் எந்தத் திருவிழா என்றாலும் பலூன் கடை போடுகிறவர்கள். பேசுவதெல்லாம் அவள், பலூன் ஊதுவதெல்லாம் அவர்.

"இன்னாண்ணா செஞ்சி குடுத்த? வாயே மூட மாட்டேங்குது. பாரு!"

வாங்கிப் பார்த்தேன். மடங்கியது. நிமிர்த்தினால், மூடுவதற்கு ஒரு நகக்கனம் இருக்கும்போது அப்படியே நின்றது. முழங்காலில் வைத்து அழுத்தியும் அசையவில்லை. அந்த இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாகவே போய்விடும், ரவை கண் முன்னாலேயே மண்ணில் விழும்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள் உச்சி வெயிலில் அவள் கண் முன்னால்தான் அதைத் திரும்பத் திரும்ப மடக்கி மூடிக் காட்டிவிட்டு வந்திருந்தேன். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு மூடியது. "கீழ போட்டுட்டியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் எதுக்குண்ணா கீழ போடறேன்? கொழந்தை மாதிரி துணி சுத்திப் படுக்க வெச்சேன். எனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்!"

அவள் சொன்னது மெய். சுனாமியில் கடல் பொங்கி உள்ளே வந்த அன்று அவளுடைய குடிசையும் கடைப்பலகையும் போயின. இருந்த துப்பாக்கிகளில் ஒன்றின் குழலும், இன்னொன்றின் உடம்பும் மட்டும் சவுக்குத்தோப்பில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டைகள் எல்லாம் பிளந்து போயிருந்தன. புதிதாக ஒன்று வாங்குகிற நிலையில் அவர்கள் இல்லை. அதனால்தான் அந்தக் குழலையும் இந்த உடம்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு துப்பாக்கியாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள்.

நான் உப்பளத்து பம்ப் இன்ஜின்களைப் பார்க்கிறவன். உப்பு சீசன் தொடங்கிவிட்டதால் பட்டறையில் கால் வைக்க இடமில்லை. எனவே வேலை முழுவதையும் அவள் வீட்டிலேயே வைத்துச் செய்தேன். வீடு என்றால், அலைக்குப் பிறகு போட்டுக் கொடுத்த தகர ஷெட்.

2. எதற்காக இத்தனை அவசரம்

எங்கள் கடற்கரையில் மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். விடிகாலையிலிருந்தே ஜனம் சேர்ந்துவிடும். கடை போடும் இடங்களைப் பிரித்துக் கொடுப்பவர் குப்பத்து நாட்டார், மீனவர்களின் ஊர்த் தலைவர். ஊரிலிருந்து வரும் பாதை மணலில் இறங்குகிற முதல் இடம், தனலட்சுமியின் மாமனார் காலத்திலிருந்து பலூன் கடைக்குத்தான். இறங்குகிறவன் முதலில் முட்டுவது அந்தக் கடையில்தான்.

அலை வந்ததை அடுத்த மகத்துக்கு யாரும் கடை போடவில்லை. யாருக்கும் மனசும் இல்லை. இந்த வருஷம் நாட்டார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "பழைய ஆளுங்களுக்குப் பழைய எடம். ஆனா முதல் சாமி கரையில எறங்கறப்ப கடை நின்னு ஓடணும். சும்மா கயிறு கட்டி எடம் புடிச்சி வெக்கற கதையெல்லாம் வேணாம். ஓடலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அந்த இடத்துக்கு வளையம் வீசும் கடைக்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய பொருளும் அலையோடு போயிருந்தது, அவரும் பிழைக்க வேண்டும். மகத்தில் இந்த இடம் கையை விட்டுப் போனால் பிறகு எந்தத் திருவிழாவிலும் நம்மைக் கடைசியில்தான் தள்ளுவார்கள் என்று தனலட்சுமி திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போது அவள் கோபப்படவில்லை. மகத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

3. இரும்புக்காரனும் மரக்காரனும்

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவளோடு ஷெட்டுக்குப் போனேன். போகிற வழியில் ஒரு இன்ஜினுக்கு நாசில் மாற்ற வேண்டியிருந்தது, போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ஷெட்டுக்குள் அடுப்பு போலச் சூடு. பாயில் உட்கார்ந்து துப்பாக்கியை மடக்கி நிமிர்த்தினேன்.

சொடுக்கென்று மூடியது.

தனலட்சுமி என் கையிலிருந்து பிடுங்கி அவளே செய்து பார்த்தாள். மூடியது. ஏழுமலை செய்து பார்த்தார். மூடியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொருந்தாத பாகத்தைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ப்ளூ என்று ஒரு நீல மசி வைத்திருப்போம். ஒரு பாகத்தில் மெல்லிசாகத் தடவி, இன்னொன்றோடு பொருத்திப் பிரித்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறை ஒட்டியிருக்கும். என் ப்ளூ டப்பா காய்ந்து கிடந்தது. "கண்மை இருக்குதாம்மா?" என்றேன். தனலட்சுமி முறைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். குழல் மடங்குகிற கீலின் இரண்டு பக்கமும், ஸ்பிரிங்கைத் தள்ளும் லீவரிலும் மையைத் தடவி, கட்டையில் பூட்டி, மடக்கி, மூடிப் பிரித்தேன். கட்டையில் ஒரு பொட்டு மை ஒட்டவில்லை. எங்கேயும் இடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"நல்லாத்தானே இருக்குது" என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

மறுநாள் காலையும் துப்பாக்கி வாசலுக்கு வந்தது. மூடவில்லை. இந்த முறை புதுக் கட்டை செய்து கொடுத்த மரியதாசையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். மரியதாஸ் தச்சு வேலையில் கெட்டிக்காரர், வாயிலும்தான்.

"ரெண்டு துப்பாக்கிய ஒட்டுப் போட்டிருக்குற. அதுக்கு வாய் எப்படிய்யா ஒழுங்கா மூடும்? உன் இரும்பைக் கொஞ்சம் ராவு, சரியாப்பூடும்" என்றார்.

"யோவ், கீலுக்கு நான் வாஷர் போட்டு ஆட்டம் இல்லாம உக்கார வெச்சிருக்கேன். உன் கட்டைதான்யா கோணல்."

"என் கட்டையா? அது இன்னா மரம் தெரியுமா உனக்கு? உப்பளத்து மதகுப் பலகை! என் அப்பன் காலத்துல இருந்து உப்புத் தண்ணியில ஊறின பலகை. கரையான் கிட்ட வராது. ஆணி எறங்காது. ராஜா வூட்டுக்குக் கூட அப்படி மரம் கெடைக்காது."

அதை மறுக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் உப்பளத்தில் கழற்றிப் போடும் மதகுப் பலகைக்கு அடிதடி நடக்கும். தண்ணீர் விடுவதற்கும் அடைப்பதற்கும் வாய்க்காலில் செருகி வைத்த பலகைகள் அவை. நிலைப்படி, ஜன்னல், பீரோ, தொட்டில் எல்லாம் அதில்தான். என் வீட்டுக் கதவும் அதுவே.

இரும்பை ராவுகிற ஃபைலைக் கையில் எடுத்தேன். மரியதாஸ் சொன்ன மாதிரி கீலில் நாலு இழுப்பு இழுத்தால் காலையில் மூடும்தான். ஆனால் இரும்பை ராவிவிட்டால் ராவியதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அதன் பிறகு மத்தியானத்தில் கடகடவென்று ஆடும். காரணம் தெரியாமல் ராவுகிறவனுக்கு ஃபிட்டர் என்று பெயர் கிடையாது, எலி என்று பெயர். ஃபைலைக் கீழே வைத்துவிட்டுத் தனலட்சுமியைக் கேட்டேன்.

"காலையிலதான் மூடலையா, இல்ல எப்பவுமேவா?"

அவள் யோசித்தாள். "மத்தியானத்துல நல்லா இருக்குது. பொழுது சாஞ்சா கொஞ்சம் கரகரங்குது. காலையில எழுந்து பாத்தா சுத்தமா மூடறதில்ல."

இதை முதல் நாளே நான் கேட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும். போகட்டும், சண்டையும் தேவையாகத்தான் இருந்தது. மரியதாஸ் கோபத்தில் இல்லாவிட்டால் அடுத்த நாள் விடியலில் எழுந்து வந்திருக்க மாட்டார்.

4. நாக்கில் வைத்துப் பார்த்தது

சூரியன் தலை காட்டும் முன்பே ஷெட்டுக்குப் போய்விட்டேன். மரியதாசும் வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கடல் காற்று ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டின் தகரத்தில் உள்பக்கமாகப் பனி கோத்துச் சொட்டியது.

தனலட்சுமி துணியைப் பிரித்தாள். இரும்பு லேசாக ஈரமாக இருந்தது, துடைத்தால் போயிற்று. கட்டை அப்படி இல்லை. கட்டை முழுவதும் பொடிப்பொடியாக நீர் முத்து பூத்திருந்தது. துடைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கசிந்தது. உழைத்துவிட்டு வந்த ஆள் முதுகு போல அது வியர்த்துக்கொண்டிருந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு துப்பாக்கியை மரியதாசிடம் நீட்டினேன். அவரும் தொட்டு நாக்கில் வைத்தார். அவருடைய முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உப்பளத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திறந்து வைத்த உப்புச் சாடி ஈரக் காற்றில் என்ன ஆகுமோ, அதுதான் இந்தப் பலகைக்கும் ஆனது. வருஷக்கணக்காக ஊறிய உப்பு மரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அது தண்ணீரைக் குடித்து, மரத்தை உப்ப வைக்கும். உச்சி வெயிலில் தகரம் காய்ந்தால் மரமும் சுருங்கும். நான் பொருத்தியதும் சரி பார்த்ததும் சுருங்கிய நேரத்தில். மகத்தில் துப்பாக்கி வேலை செய்ய வேண்டியது உப்பிய நேரத்தில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரில் எவன் வீட்டுக் கதவும் காலையில் ஒரு உதை வாங்காமல் திறக்காது. என் கதவையும் நான் தினம் உதைத்துத்தான் திறக்கிறேன். கதவு என்றால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மதகுப் பலகை வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

"வேற மரத்துல செஞ்சி குடுத்துடறேன்" என்றார் மரியதாஸ். குரலில் காற்று இறங்கியிருந்தது.

"எப்ப செதுக்கி, எப்ப காய வெச்சி? மகம் வந்துடுச்சி. இதையே வழிக்குக் கொண்டு வருவோம்."

"முடியுமாய்யா?"

"நீ உளிய எடு. நான் சொல்ற எடத்துல மட்டும் தொடு."

அந்தக் காலை நேரத்திலேயே, மரம் நன்றாக உப்பியிருக்கும்போதே வேலையை ஆரம்பித்தோம். மறுபடியும் கண்மை. இந்த முறை கட்டையின் இரண்டு கன்னத்திலும், லீவர் ஓடும் பள்ளத்திலும் கரேலென்று ஒட்டியது. கறை பட்ட இடத்தை மட்டும் மரியதாஸ் மெல்லச் சுரண்டினார். பூட்டு, மடக்கு, பிரி, சுரண்டு. மை ஒட்டாமல் போகிறவரை அதேதான். கடைசியில் துப்பாக்கி காலையிலேயே சொடுக்கென்று மூடியது. தனலட்சுமி கை தட்டினாள்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. காலைக்குச் சரியானது மத்தியானம் ஆடுமே! துப்பாக்கி உடம்பு கட்டையில் ஸ்க்ரூவால் இறுகியிருக்கிறது. மரம் சுருங்கினால் அந்த இறுக்கமும் போய்விடும். அதற்கு ஒரு பழைய பம்ப் ஸ்டவ்வின் பித்தளைக் குழாயைத் துண்டு போட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலும் புஷ் என்கிற உறை மாதிரி இறக்கினேன். கட்டையின் உயரத்தைவிடப் புஷ் ஒரு மயிரிழை தூக்கி நிற்க வேண்டும். அப்போது இரும்பு உட்காருவது பித்தளை மேல். மரம் உப்பினாலும் சுருங்கினாலும் அதன் பாடு, இரும்புக்குக் கவலையில்லை.

கடைசியாக மரியதாஸ் எங்கோ போய் ஒரு பை நிறைய மெழுகுவர்த்தித் துண்டுகளோடு வந்தார். வெயிலில் கட்டையை நன்றாகக் காய வைத்து, மெழுகை உருக்கி, உள்ளும் வெளியும் ஊட்டினார். "இனிமே காத்து உள்ள போவாது. அதோட வேர்வைய நான் நிறுத்திட்டேன் பாரு" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மூடியது. மத்தியானம் மூடியது. பொழுது சாய்ந்தும் மூடியது. ஒரு கரகரப்பு இல்லை. மூன்று வேளையும் போய்ப் பார்த்துவிட்டு, பட்டறைக்குத் திரும்பும் வழியில் எனக்கு நானே விசில் அடித்துக்கொண்டு போனேன்.

5. மகம்

மகத்தன்று கடற்கரையில் பனி கொட்டியது. மணல் நனைந்து கிடந்தது. தனலட்சுமி பலகையை நட்டு, பலூன்களைக் கட்டியிருந்தாள். சற்றுத் தள்ளி வளையக் கடைக்காரர் தன் சாமான்களைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்காமல் நின்றார். "நீ போடலன்னாதான்க்கா நானு" என்று அவர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மேளம் நெருங்கியது. முதல் சாமி மணலில் இறங்கியது. நாட்டாரும் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் நாலு பேர்.

"கடை ஓடுதா?"

"ஓடுதுங்க. நீங்களே மொத கை வையுங்க" என்று தனலட்சுமி துப்பாக்கியை மடக்கி, ரவையை வைத்து, நிமிர்த்தினாள். சொடுக்கென்று மூடியது. அந்தப் பனியில், அந்த ஈரக் காற்றில் அப்படி மூடியது.

நாட்டார் குறி பார்த்துச் சுட்டார். ரவை பலகையில் டப்பென்று பட்டது, பலூன் சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சுட்டார். மறுபடியும் பலகைதான். பின்னால் நின்ற நாலு பேரில் ஒருவன் இருமினான்.

நாட்டார் முகம் சிவந்துவிட்டது. "இன்னா துப்பாக்கி இது? கோணலா இருக்குது. இத வெச்சிக்கினு கடை ஓடுதுன்றியா? ஜனத்த ஏமாத்தவா எடம் குடுக்கறது?"

வளையக் கடைக்காரரின் கை தள்ளுவண்டிக் கயிற்றுக்குப் போனது. தனலட்சுமி என்னைப் பார்த்தாள். துப்பாக்கியில் கோணல் கிடையாது, அது என் உயிர் அறிந்த உண்மை. பிறகு எங்கே போகிறது ரவை?

பலகையைப் பார்த்தேன். இரண்டு ரவைத் தடமும் பலூனுக்கு வலது பக்கம், ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் உள்ள துப்பாக்கி அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிக்கும். இது சொன்ன இடத்தில் அடித்திருக்கிறது.

"பெரியவரே, நீங்க எங்க குறி வெச்சீங்க?" என்றேன்.

"எங்கன்னா? வலது பக்கம் நாலு வெரக்கடை தள்ளித்தான். பலூன் துப்பாக்கின்னா எடது பக்கம் இழுக்கும். எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து இந்தக் கடையில சுடறேன்."

சிரிப்பு பீறிட்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னதும் நியாயம்தான். பழைய துப்பாக்கிகளில் உடம்பு கட்டையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும், ரவை எப்போதும் இடது பக்கம்தான் போகும். ஊரே அதற்குப் பழகித் தள்ளிக் குறி வைக்கக் கற்றிருந்தது. பித்தளை புஷ் மேல் அசையாமல் உட்கார்ந்த இந்தத் துப்பாக்கிக்கு அந்த வித்தையெல்லாம் தேவையில்லை.

நான் வாயைத் திறக்கும் முன் தனலட்சுமி முந்திக்கொண்டாள். துப்பாக்கியை வாங்கினாள், மடக்கினாள், மூடினாள். "இது நேரா போற துப்பாக்கிங்க. எங்க பாக்கறீங்களோ அங்கதான் போவும்" என்றாள். நேராகப் பலூனைப் பார்த்துச் சுட்டாள். பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. அதற்கடுத்ததும். பிறகு துப்பாக்கியை நாட்டார் கையில் கொடுத்து, "இப்ப சுடுங்க, தள்ளாதீங்க" என்றாள்.

நாட்டார் சந்தேகத்தோடு குறி பார்த்தார். வெடித்த சத்தத்துக்கு அவரே ஒரு அடி பின்னால் போனார். பிறகு சின்னப் பிள்ளை போல அடுத்த பலூனையும் சுட்டார், அதற்கடுத்ததையும் சுட்டார். கூட்டம் கூடிவிட்டது. "நேரா போற துப்பாக்கியாம்டா!" என்று எவனோ கத்தினான். சாமி பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

நாட்டார் துப்பாக்கியைத் தர மனமில்லாமல் தந்தார். கூட வந்தவனிடமிருந்து கம்பை வாங்கி, பலூன் கடையின் நாலு பக்கமும் மணலில் அவரே கோடு கிழித்தார். "இது இவங்க எடம். யாரும் கேட்டுக்கினு வரக்கூடாது" என்றார். பக்கத்திலேயே இன்னொரு கோடு கிழித்து, வளையக் கடைக்காரரைப் பார்த்து, "நீ இங்க போடு. இந்தக் கூட்டம் உனக்கும் வரும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடல் வரைக்கும் ஓடிப் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. மரியதாசைத் தேடினேன். அவர் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம், "கட்டை நம்மளுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன். சொல்லட்டும்.

புதிதாக ஸ்பானர் பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் உடனே ஃபைலைத் தூக்காதீர்கள். எப்போது பொருந்தவில்லை என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, சரி என்று கொடுத்து அனுப்பாதீர்கள். அது எந்த நேரத்தில், எந்தக் காற்றில் வேலை செய்யப் போகிறதோ அங்கே போய் நின்று பாருங்கள். பம்ப் இன்ஜினுக்கும் இது பொருந்தும். நான் அன்றிலிருந்து எந்த இன்ஜினையும் உப்பளத்து வரப்பில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் கொடுத்ததில்லை.

வெயில் ஏறுவதற்குள் தனலட்சுமி கத்த ஆரம்பித்துவிட்டாள். சுடுகிறவன் எல்லாம் அடித்துவிடுகிறான், கட்டக் கட்டப் பலூன் தீர்ந்துபோகிறது. ஏழுமலை கன்னம் வீங்கி, கண் பிதுங்கி ஊதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயிலிருந்து பலூனை எடுத்துவிட்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ண்ணா, கொஞ்சம் கோணலாவே செஞ்சிருக்கலாம்."